மேட்டூர்க்காரர் எழுதிய நான்கு வரி

மேட்டூர்க்காரர் எழுதிய அந்த நான்கு வரியைத் தெய்வநாயகம் பல வருஷமாகவே நம்பவில்லை. நம்பவில்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. நம்பாதவர் அதன்படி இத்தனை காலம் நடந்திருக்க மாட்டார். செருப்புக்குள் புகுந்த மணல் போல ஒரு சந்தேகம், நின்று கழற்றி உதறும் அளவுக்குப் பெரிதில்லை, மறந்துவிட்டு நடக்கும் அளவுக்குச் சிறிதுமில்லை. ஞாயிற்றுக்கிழமை முற்பகல், வீட்டுக்குப் பின்னால் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், மோட்டார் சுவிட்சுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மேல்தொட்டி நிரம்பி வழிகிற சத்தத்துக்காகக் காத்திருந்தவர், செல்போனில் அந்த வரிகளைத் திரும்பவும் திறந்தார். "வணக்கம் ஐயா, தாமதத்துக்கு மன்னிக்கவும். உங்கள் ஆலோசனை மிகவும் உதவியாக இருந்தது. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, மிக்க நன்றி. இந்த இழையை மூடிவிடலாம்." அவ்வளவுதான். அதற்குக் கீழே பச்சை டிக். 'கேளுங்க சொல்றோம்' என்ற அந்த இணைய மன்றத்தில் ஒரு கேள்வியையும் அதற்கு வரும் பதில்களையும் சேர்த்து இழை என்பார்கள். கேட்டவருக்குப் பலன் கிடைத்தால் இழையில் பச்சை டிக் விழும், பிறகு யாரும் அதில் எழுத முடியாது. அடுப்பு சரியாக எரியவில்லை, சுவரில் ஓதம் ஏறுகிறது, கட்டிலில் மூட்டைப்பூச்சி என்று ஆரம்பித்த மன்றம், போகப் போக மாமியார், பங்காளி, பிள்ளை என்று வளர்ந்துவிட்டது. தெய்வநாயகம் அங்கே 'நாயகம்' என்ற பெயரில் நெறியாளர். மேட்டூர்க்காரர் கேட்டது இரண்டு வரி. என் மகன் என்னோடு பேசுவதில்லை, ஒரே வீட்டில் இருக்கிறோம், நானாகப் போய்ப் பேசலாமா, காத்திருக்கலாமா. இவர் எழுதினார்: காத்திருங்கள். நீங்களாகப் போனால் அவன் மனசில் இருப்பது வெளியே வராது. சோற்றைப் போட்டு வையுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், வாயை மட்டும் மூடி வையுங்கள். அவனே வருவான், அனுபவத்தில் சொல்கிறேன். அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை ஏன் போட்டோம் என்று இப்போது யோசித்தால் கழுத்துக்குப் பின்னால் சூடாகிறது. என்ன அனுபவம்? அப்போது நிரஞ்சன் இவரோடு பேச்சை நிறுத்திச் சில மாதம்தான் ஆகியிருந்தது. காத்திருப்பதில் அனுபவம் இருந்தது, சரி. அவன் வருவதில் ஏது அனுபவம்?

"ஏங்க," என்று வசுமதி சமையலறை ஜன்னலில் இருந்து கூப்பிட்டாள். கூப்பிட்ட குரலிலேயே தெரிந்தது, இது அவள் பேச்சில்லை, எடுத்து வந்த பேச்சு. "அவன் ஹெல்மெட்ல பக்கிள் போயிருச்சாம். உங்க பழைய ஹெல்மெட்ட எடுத்துட்டுப் போகட்டுமான்னு கேக்குறான்." மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிரஞ்சன் ஓசூருக்குக் கிளம்புகிறான். அங்கே வேலை, அறை, எல்லாம் பார்த்தாகிவிட்டது. எதையும் இவரிடம் சொல்லவில்லை. எல்லாம் வசுமதி வழியாகத் தெரிந்தது, சம்பளம்கூட. சேலத்திலிருந்து வண்டியிலேயே போகிறானாம். பஸ்ஸில் போனால் என்ன என்று கேட்கலாம், யாரிடம் கேட்பது. "அவனையே வந்து கேக்கச் சொல்லு," என்றார். ஜன்னலில் கரண்டியை வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கே வந்து அவர் மடியில் வைத்தாள். "நாலு வருஷமா ஓடுறேன். கூரியர்க்காரனுக்காச்சும் ஞாயித்துக்கிழம லீவு. நான் ராஜினாமா பண்ணிட்டேன், நீங்களே குடுங்க, இல்ல நீங்களே வெச்சுக்கங்க, தலையில போட்டுட்டு இங்கயே உக்காந்திருங்க." போகும்போது, "குழம்புக்கு உப்பு போட்டனான்னு கூட மறந்துபோச்சு, உங்க ரெண்டு பேரு பஞ்சாயத்துல," என்று முணுமுணுத்தாள். ஹெல்மெட்டுக்குள் பழைய வியர்வை வாசம், தன்னுடையதா அவனுடையதா தெரியவில்லை. கல்லூரி போன முதல் வருஷம் அவன்தான் இதைப் போட்டுக்கொண்டு திரிந்தான், நெற்றிக்கு மேல் பெரிதாக நிற்கும், காளான் மாதிரி இருக்கிறாய் என்று இவர் சொல்வார், அவன் சிரிப்பான். சொந்தத்தில் ஒரு ஹெல்மெட் வாங்க இந்த ஊரில் கடையா இல்லை? நேற்று வாங்கியிருக்கலாம். முந்தாநாள் வாங்கியிருக்கலாம். கிளம்புகிற அன்றைக்கு அப்பாவின் ஹெல்மெட் வேண்டும் என்று கேட்பது ஹெல்மெட்டுக்காகத்தானா? இப்படித்தான், எதைப் பார்த்தாலும் அதற்குள் ஒரு பேச்சு இருப்பதாகத் தோன்றிவிடும். நூற்பாலையில் தரம் பார்க்கும் வேலை. முப்பது வருஷமாக நூலை வெளிச்சத்தில் பிடித்துக் குறை தேடிய கண். இல்லாத முடிச்சும் அதற்குத் தெரியும். பக்கிள் போய்விட்டது, அவ்வளவுதான் விஷயமாக இருக்கும்.

மேட்டூர்க்காரரின் வரிகளில் முடிச்சு இருந்தது, அது கற்பனை இல்லை. மூட்டைப்பூச்சி ஒழிந்தவர்கள் அரைப் பக்கம் எழுதுவார்கள். எந்த மருந்து, எந்தக் கட்டில், எத்தனை நாள் தூங்கவில்லை, மனைவி என்ன சொன்னாள், எல்லாம் எழுதுவார்கள். தொட்டிக் கசிவு நின்ற ஒருவர் போட்டோ எடுத்துப் போட்டார், காய்ந்த சுவரை, பேரப்பிள்ளையைக் காட்டுவது போல. மகன் பேசிவிட்ட ஒரு தகப்பன் நான்கு வரி எழுதுவானா? அதில் ஒன்று மன்னிப்பு, ஒன்று நன்றி, ஒன்று மூடிவிடலாம். மீதி ஒரு வரியில் எல்லாம் சரியாகிவிட்டது. எல்லாம் என்றால்? ஆனால் அவரைக் குற்றம் சொல்லவும் வழியில்லை, அந்த நான்கு வரியை அவரிடமிருந்து பிடுங்கியதே தெய்வநாயகம்தான். மன்றத்தின் நடைமுறைகள் என்ற பக்கத்தை எழுதியவர் இவர். யாரையும் ஐயா, அம்மா என்றே விளிக்க வேண்டும். நீங்கள் சொல்வது தவறு என்று எழுதக் கூடாது, இப்படியும் பார்க்கலாம் என்று எழுத வேண்டும். குறை சொல்லுமுன் ஒரு நிறை சொல்ல வேண்டும். ஆலோசனை பெற்றவர் கட்டாயம் திரும்பி வந்து பலன் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நெறியாளர் நினைவூட்டுவார். மேட்டூர்க்காரருக்கு மூன்று தடவை நினைவூட்டினார். பலன் சொல்லவும் ஐயா. அன்புடன் நினைவூட்டுகிறோம். மூன்றாவது தடவை, பதில் சொன்னவர்களின் நேரத்துக்கு மதிப்பளிப்பது நம் பண்பு என்று எழுதினார். அந்த வரிக்கு மறுநாள்தான் எல்லாம் சரியாகிவிட்டது வந்தது. வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற ஆளை அனுப்பிவைக்க, இருக்கிறதை எடுத்துப் போடுவது போல. அதோடு, பலன் இல்லை என்று சொல்ல அங்கே யாருக்குத் தைரியம் வரும்? அறந்தாங்கி அம்மா ஒருவருக்கு வந்தது. "நீங்க சொன்ன பூச்சைப் பூசி, இருந்த தொட்டியும் போச்சுங்க, நாயகம் ஐயா. தெரியாததுக்குத் தெரியாதுன்னு சொல்லிருக்கலாமே" என்று எழுதினார். எவ்வளவு சுத்தமான வாக்கியம். அன்றைக்கு அது சுத்தமாகத் தெரியவில்லை. ஐந்தாறு பேர் அந்த அம்மாவின் மேல் விழுந்தார்கள், ஐயா இலவசமாகச் சொல்கிறார், பேச்சில் மரியாதை வேண்டாமா, பெண்பிள்ளை பேசுகிற பேச்சா. தெய்வநாயகம் பெருந்தன்மையாக, விடுங்கள் அன்பர்களே என்று எழுதிவிட்டு, அந்த அம்மாவின் வரியை நீக்கினார். அதற்குப் பிறகு மன்றத்தில் எந்தத் தொட்டியும் ஒழுகவில்லை. எல்லா இழையும் பச்சை. திறந்தால் வயல் மாதிரி இருக்கிறது. அந்தப் பச்சையில் எத்தனை விளைச்சல், எத்தனை பாசி என்று யாருக்கும் தெரியாது, வைத்துக் காக்கிற இவருக்கே தெரியாது.

மோட்டார் சத்தம் மாறியது போலிருந்தது. இல்லை, அதே சத்தம்தான். தொட்டி நிரம்பினால் தானே நின்றுவிடும் மிதவை சுவிட்சை மன்றத்தில் எத்தனையோ பேருக்குச் சிபாரிசு செய்தாயிற்று, சொந்த வீட்டில் அது கெட்டுப்போய் மாற்றாமல் கிடக்கிறது. முன்வாசல் பக்கம் நிரஞ்சன் வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் அடிப்பது கேட்டது, புஸ், புஸ். அந்த வண்டிதான் காரணம், வண்டி என்றால் வண்டி இல்லை, அதில் கேமராவைக் கட்டிக்கொண்டு கொல்லிமலை வளைவுகளில் ஏறி அவன் எடுத்த வீடியோ. யூடியூபில் போட்டுவிட்டு, "பார்த்துட்டு எப்பிடி இருக்குன்னு சொல்லுப்பா," என்று சுட்டியை அனுப்பினான். ஆலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தார். பிடித்திருந்தது. சத்தியமாகப் பிடித்திருந்தது, தயிர்சாதம் அப்படியே இருந்தது, டப்பாவை மூடிவிட்டு இரண்டாம் தடவை பார்த்தார். பிறகு வீடியோவுக்குக் கீழே கருத்து எழுதினார். வணக்கம் நண்பரே, நல்ல முயற்சி, வாழ்த்துகள். காற்று இரைச்சலில் குரல் கேட்கவில்லை. வளைவுகளில் படம் அதிகம் ஆடுகிறது. கடைசியில் வரும் வீட்டு வாசல் காட்சி நீளம், கதைக்குத் தொடர்பில்லை, நீக்கிவிடலாம். இப்படிக்கு, நாயகம், நெறியாளர். அவனுக்கு முன்னூறு பேர் பார்க்கிற சேனல். பாதிப் பேர் கல்லூரி நண்பர்கள். அது யார்டா நெறியாளர், உங்கப்பனா என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவன் கூடத்தில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான், இவர் காதில் விழட்டும் என்றே சொன்னான். "அப்பாவுக்கு நான் நண்பராம்மா? சரி. நண்பர் வீட்ல ஓசியில தங்கியிருக்கேன், தொந்தரவுக்கு மன்னிக்கவும்னு சொல்லிரு." அதுதான் கடைசி. இதில் என்ன தப்பு என்று இவர் அன்றைக்கு வசுமதியிடம் கத்தினார், காற்று இரைச்சல் இருந்ததா இல்லையா, படம் ஆடியதா இல்லையா, கேட்டான், சொன்னேன், ஒரு நிறை சொல்லித்தானே ஆரம்பித்தேன். இப்போதும் உள்ளுக்குள் ஒருவன் அதையே கத்துகிறான். மூன்று குறையும் சரி. மூன்றாவது மட்டும். மூன்றாவது குறையை உள்ளே இருக்கிற அந்த ஒருவனாலும் கத்த முடியவில்லை. அந்த வீட்டு வாசல் இந்த வீட்டு வாசல். மலையிலிருந்து இறங்கி, சேலம் வந்து, தெருவுக்குள் திரும்பும்போது கேட்டுக்கு முன்னால் சாயங்கால வெயிலில் ஒருவர் தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். வண்டி நெருங்க நெருங்க அவர் உள்ளே போகாமல் நின்றார். அவ்வளவு நேரம் அதைக் காட்டினான். அது நானா? எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன், கொல்லிமலை போன அன்றைக்கும் நின்றேனா? ஆளைச் சரியாகப் பார்க்காமல் நீளத்தைத்தான் பார்த்தேன். திரும்பப் பார்க்கலாம் என்றால் மறுநாளே எல்லா வீடியோவையும் நீக்கிவிட்டான். யாரிடம் கேட்பது. அவனிடம்தான் கேட்க வேண்டும்.

போனில் மணி அடித்தது. மன்றத்திலிருந்து, புதுக் கேள்வியில் யாரோ இவர் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். திருச்செங்கோட்டு அம்மா என்ற பெயரில் ஒருவர். "வணக்கம். என் பையன் எங்கூடப் பேசறதே இல்லைங்க. காலேஜ் மாத்தறதுல சண்டை. அவன் ரூம் கதவு வரைக்கும் போறேன், தட்டலாமா வேண்டாமான்னு தெரியலை. பெரியவங்க சொல்லுங்க." அதற்குக் கீழே பெரம்பலூரிலிருந்து எப்போதும் முந்திக்கொள்ளும் உறுப்பினர் பழைய சுட்டியைப் போட்டுவிட்டார். அம்மா, நம் நாயகம் ஐயாவின் இந்தப் பதிலைப் பாருங்கள், மேட்டூர் அன்பருக்கு முழுப் பலன் கிடைத்தது, பச்சை டிக்கும் இருக்கிறது. அதற்குள் அந்த அம்மாவின் பதில் வந்துவிட்டது. "ரொம்ப நன்றிங்க ஐயா. நேத்து அவன் கதவுகிட்ட கைய வெச்சுட்டுத் திரும்பி வந்தேன். நல்லவேளை தட்டலை. இனிமே போகலைங்க, நீங்க சொன்னபடியே இருக்கேன்." கையை வைத்துவிட்டு. தெய்வநாயகத்துக்குத் தன் உள்ளங்கையில் மரக்கதவு படுவது போல இருந்தது, லேசான குளிர்ச்சியாக, வார்னிஷ் பிசுக்கோடு. தட்டுங்கள் என்று எழுதலாம். எதை வைத்து? இத்தனை பேருக்கு இந்தச் சுட்டி போயிருக்கிறது, இத்தனை வீடுகளில் இத்தனை பேர் சோற்றைப் போட்டு, கதவைத் திறந்து, வாயை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாருக்கும் ஆதாரம் மேட்டூர்க்காரர், மேட்டூர்க்காரருக்கு ஆதாரம் நான், எனக்கு ஆதாரம் மேட்டூர்க்காரர். போன வருஷம் மேட்டூரில் பங்காளி வீட்டுக் காதுகுத்துக்குப் போனபோது, விருந்து முடிந்ததும் அணைப் பூங்காப் பக்கம் தனியாக நடந்தார். மீன் வறுக்கும் கடைகளில் ஒவ்வொரு ஆம்பளை முகமாகப் பார்த்தார், ஏதோ நெற்றியில் எழுதியிருக்கும் என்பது போல. ஒரு பெஞ்சில் நரைத்த ஒருவரும் இருபது வயதுப் பையனும் ஒரே தட்டில் தின்றுகொண்டிருந்தார்கள். பேசவில்லை. நரைத்தவர் முள்ளை எடுத்துவிட்டுச் சதையைப் பையன் பக்கம் தள்ளினார், பையன் தலை நிமிராமல் தின்றான். சண்டையா, வெறும் பசியா? பேசாமல் இருப்பதில் இத்தனை வகை இருக்கிறது என்று வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? நின்று பார்த்துக்கொண்டே இருந்ததில், "சார், மீன் வேணும்னா உக்காருங்க, வேணாம்னா அடுப்ப மறைக்காதீங்க," என்றார் கடைக்காரர். மேட்டூர்க்காரர் இன்னும் மன்றத்துக்கு வருகிறார். இன்வர்ட்டர் பற்றி யாராவது கேட்டால் தெளிவாக, விவரமாக எழுதுவார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை, பேச்சுவாக்கில்கூட, எழுதியதில்லை. தனிச்செய்தியில் கேட்டிருக்கலாம். மூடிய இழையைப் பற்றித் தனிச்செய்தியில் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நடைமுறையையும் இவரே எழுதித் தொலைத்திருக்கிறார்.

தனிச்செய்திப் பெட்டியைத் திறந்தார். பெரியவர் ஒருவர் கடிதம் எழுதுவது போல விரல் தானாக ஓடியது. வணக்கம் ஐயா, நலமாக இருக்கிறீர்களா. தங்கள் பொன்னான நேரத்தைச் சற்றே எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும். முன்பொரு சமயம் தாங்கள் மன்றத்தில் பகிர்ந்த அனுபவம் பலருக்கும் பயனுள்ளதாக அமைந்தது. அது தொடர்பாக. அது தொடர்பாக என்ன? கேட்கவே பயம். சரியாகவில்லை ஐயா, உங்கள் மனசு நோகக் கூடாதென்று எழுதினேன் என்று பதில் வந்தால், நாலு வருஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது. அவனே வந்து பேசினான் ஐயா என்று வந்தால் அது இன்னும் பயம். அப்படியானால் அங்கே வந்தவன் இங்கே ஏன் வரவில்லை. தண்ணீர் விழும் சத்தம் எப்போது ஆரம்பித்தது தெரியவில்லை. மாடி விளிம்பிலிருந்து கொட்டி, துவைக்கும் கல்லில் பட்டு, வேட்டியெல்லாம் தெறித்துக்கொண்டிருந்தது. "ஏங்க, தொட்டி! காதுல என்ன பஞ்சா?" என்று வசுமதி உள்ளிருந்து கத்தினாள். எழுந்திருக்க வேண்டும், மடியில் ஹெல்மெட், கையில் போன். அதற்குள் பக்கச் சந்தில் காலடி கேட்டது. நிரஞ்சன் வந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்று, இவர் தலைக்கு மேலே கையை நீட்டி சுவிட்சை அணைத்தான். மோட்டார் நின்றதும் உலகத்தில் இருந்த எல்லாச் சத்தமும் நின்றது போல இருந்தது. சங்கிலி எண்ணெய் வாசம். முழங்கையில் ஒரு கறுப்புக் கீறல். அவன் உடனே போகவில்லை. போயிருக்கலாம், வேலை முடிந்துவிட்டது, போகவில்லை. இவர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார், திரையில் அது தொடர்பாக என்று நின்றது. ஹெல்மெட்டை அவன் பார்க்கிறான் என்று பின்கழுத்துக்குத் தெரிந்தது. இப்போது கேட்பான். இந்தா என்று தூக்கிக் கொடுத்தால் என்ன? கொடுப்பது பேச்சாகுமா? இந்தா என்பது ஒரு வார்த்தை. நீங்களாகப் போனால் அவன் மனசில் இருப்பது வெளியே வராது. வந்துகொண்டிருக்கிறது போலிருக்கிறது, கெடுத்துவிடாதே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. அது அவனா, தானா என்றுகூட இவருக்கு நிச்சயமில்லை. அவன் கொடியில் கிடந்த இவர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான், திரும்பவும் மடித்துப் போட்டான், சந்து வழியே போய்விட்டான்.

வசுமதி கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். "வந்தானே. என்ன சொன்னான்?" "ஒண்ணும் சொல்லல." "நீங்க?" அவர் வேட்டியில் தெறித்த தண்ணீரைத் தட்டிவிட்டார். "நல்லாருக்கு," என்றாள் அவள், "ரெண்டு பேரும் நல்லா வளந்திருக்கீங்க. எல போடுறேன், வாங்க, சாப்பிட்டதும் கெளம்பிருவான்," என்று உள்ளே போனாள். மாடியிலிருந்து மிச்சத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லில் விழுந்தது. நன்றிங்க ஐயா, இனிமே போகலைங்க என்று போனில் திருச்செங்கோட்டு அம்மா பணிவாகக் காத்திருந்தார். தெய்வநாயகம் மேட்டூர்க்காரருக்கு எழுதிய தனிச்செய்திப் பெட்டிக்குத் திரும்பினார். வணக்கத்தை அழித்தார். நலமா என்பதை அழித்தார். பொன்னான நேரம், மன்னிப்பு, பயனுள்ள அனுபவம், எல்லாவற்றையும் பின்னோக்கி அழித்துக்கொண்டே போனார், பெட்டி வெறுமையாகும் வரை. ஐயா என்றும் போடவில்லை, அன்புடன் என்றும் போடவில்லை, அடியில் பெயரும் போடவில்லை. முன்வாசலில் பையை வண்டியில் வைத்துக் கட்டும் கயிறு இறுக்கப்படுகிற சத்தம் கேட்டது. ஹெல்மெட் மடியில் கனத்தது. இவர் எழுதி, படித்துப் பார்க்காமல், அனுப்பினார்.

"அன்னிக்கு மொதல்ல பேசுனது யாரு, அவனா, நீங்களா?"